பார்த்துச் செய்யுங்க

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி வகுப்பு என்னுடையது. இசைக் கல்லூரியில் அந்த நேரத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை. காலையில் சாதகம், பிறகு கீர்த்தனை வகுப்பு, அப்புறம் டிபன் பாக்ஸில் தயிர்சாதம். இரண்டு மணிக்குப் பிள்ளைகளின் கண் சொக்கும். நான் சாக்பீஸை எடுத்துப் பலகையில் இரண்டே வார்த்தை எழுதுவேன்: ‘பார்த்துச் செய்யுங்க.’ எழுதிவிட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். “வருஷம் முடியற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள இதை யாரும் சொல்லக் கூடாது. சொன்னா பத்து ரூபாய் அபராதம்.” மேசை மேல் ஒரு மண் உண்டியல் இருக்கும். கடைசி வகுப்பில் அதை உடைத்து எல்லோருக்கும் மெதுவடை வாங்குவோம். எட்டு வருஷத்தில் வடைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

நான் வயலின்காரன். முப்பத்தைந்து வருஷமாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். ‘இசைத்தொழில் நடைமுறை’ என்று பாடத்திட்டத்தில் அச்சாகியிருக்கும் இந்த விருப்பப் பாடத்தை மூன்றாம் ஆண்டு பிள்ளைகளுக்கு எடுக்கிறேன். அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘துட்டு கிளாஸ்’. அதுதான் பொருத்தமான பெயர்.

இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் வயலின் இல்லை, என் அப்பா. அவர் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கர். பையன் வயலின் படிக்கட்டும், ஆனால் தபாலில் பி.காம். முடித்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டவர். கடை அடைத்தபின் அன்றைய சிட்டையை முடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். பத்து பைசா உதைத்தால் அம்மா சாம்பாரை இரண்டாம் தரம் சூடு பண்ண வேண்டியதுதான். அந்த வீட்டில் வளர்ந்தவன், மேடையேறிய புதிதில், பணத்தைப் பற்றி வாயைத் திறக்கத் தெரியாமல் நின்றேன். அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

1991-ல் தெற்கே ஒரு ஊர்த் திருவிழா. பாட்டுக்காரர் என் வயதுக்காரர். நான் வயலின், இன்னொரு நண்பர் மிருதங்கம். விழாக் கமிட்டிக்காரர் எஸ்.டி.டி. போட்டு, “எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?” என்று கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டுக்காரர் ரிசீவரில், “நீங்களா பார்த்துச் செய்யுங்க சார்” என்றார். ராத்திரி பூரா பஸ்ஸில், வயலின் பெட்டி மடியில். இரண்டரை மணி நேரக் கச்சேரி. நல்ல கச்சேரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். முடிந்ததும் ஆளுக்கொரு பொன்னாடை, மூவருக்கும் சேர்த்து ஒரு கவர். கவரில் 101 ரூபாய். வந்த பஸ் சார்ஜுக்கே காணாது.

ரொம்ப நாள் அந்தக் கமிட்டிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “மைக் செட்டுக்காரனுக்கு எவ்வளவு குடுத்தாங்க?” விசாரித்தேன். 1,500 ரூபாய். பந்தல்காரருக்கு அதைவிட அதிகம். அவர்கள் ரேட் சொன்னார்கள், அந்தத் தொகை நோட்டில் ஏறியது. நாங்கள் சொல்லவில்லை, எங்களுக்கு நோட்டில் இடமே இல்லை. வசூலில் எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவோ, அதைத்தான் அந்த மனிதர் பார்த்துச் செய்தார். அவர் மேல் குற்றமே இல்லை.

பொன்னாடை என்றதும் நினைவு வருகிறது. எங்கள் வீட்டு ஸ்டீல் பீரோவில் அறுபத்தொன்று இருக்கிறது. ஊர்ப்பக்கம் தானம் கொடுத்தது போக. நாலு, ஜன்னல் திரையாகத் தொங்குகிறது. பாச்சை உருண்டைக்கு வருஷா வருஷம் செலவு வேறு.

நம் இசைக் கல்லூரிகள் நேற்று வந்தவை இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் இசைக்கென்று தனிக் கல்லூரி தொடங்கினார். சென்னையில் அரசு இசைக் கல்லூரி 1949-ல், முசிறி சுப்ரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு ஆரம்பமானது. வித்வான்களைப் பேராசிரியர்களாக உட்கார வைத்தார்கள், பாடத்திட்டம் எழுதினார்கள், பரீட்சை வைத்தார்கள். அங்கே படித்து வந்த பிள்ளைக்கு 72 மேளகர்த்தாவும் மனப்பாடம். ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. குருகுலத்தில் சிஷ்யன் பாட்டை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. திண்ணைக்கு யார் வந்தார்கள், குரு எப்படிப் பேசினார், எந்த ஊருக்குச் சரி என்றார், எந்த ஜமீனுக்கு முடியாது என்றார், வண்டிச்சத்தம் யார் பொறுப்பு என்பதையெல்லாம் தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கல்லூரி கட்டியபோது பாட்டை உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். திண்ணை தெருவிலேயே நின்றுவிட்டது. என் வகுப்பு அந்தத் திண்ணைதான், பெரிதாக ஒன்றுமில்லை.

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கும். “தியாகையர் சரபோஜி மகாராஜா கூப்பிட்டும் போகலைன்னு சொல்வாங்களே சார்?” நல்ல கேள்வி. முதல் பதில், அவர் உஞ்சவிருத்தி எடுத்தார், திருவையாற்றில் வீடு இருந்தது. உனக்கு வேளச்சேரியில் வாடகை. இரண்டாம் பதில்தான் எனக்குப் பிடித்தது. வரமாட்டேன் என்பது தெளிவான பதில். அவர் அரண்மனை ஆளிடம் ‘பார்த்துச் செய்யுங்க’ என்று சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவது வாரம் போன் பயிற்சி. நான் வராந்தாவில் போய் நின்றுகொள்வேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் செல்லுக்குக் கூப்பிடுவேன். அவள் ஸ்பீக்கரில் போடுவாள். நான் செயலாளர்.

“வணக்கம்மா. உங்க யூடியூப் பார்த்தோம். தெய்வீகம்! எங்க கோயில் நவராத்திரிக்கு ஒருநாள் பாடணும்.”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

“எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?”

வராந்தாவில் காக்கை கத்துவது கேட்கும். பிறகு, “அது வந்து... நீங்களா...” உள்ளேயிருந்து மொத்த வகுப்பும் “பத்து ரூபாய்!” என்று கூவும்.

தொகையை உடனே சொல்லச் சொல்வதில்லை. முதலில் கேள்வி கேட்கச் சொல்கிறேன். என்ன தேதி, எத்தனை மணி நேரம், பக்கவாத்தியம் நீங்கள் ஏற்பாடா நானா, அவர்களுக்குத் தனியாகக் கொடுப்பீர்களா, மைக் யார், போகவரச் செலவு, ராத்திரி தங்க இடம், ரிக்கார்டிங் உண்டா. இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகு தொகை. ஒரே வாக்கியம். ‘சுமாரா’, ‘ஒரு’, ‘வந்து’ எதுவும் ஒட்டாத வாக்கியம். “போகவரச் செலவு தனி சார், எங்க நாலு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம்.” முற்றுப்புள்ளி.

கஷ்டம் இதற்கு அப்புறம்தான். தொகை சொன்னதும் எதிர்முனை மௌனமாகும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பிள்ளைகள் தாங்களே, “ஆனா நீங்க சொன்னா குறைச்சுக்கலாம் சார்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்காமலே பேரத்தை நாமே முடித்துக் கொடுப்பது! இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான். தொகை சொன்னதும் மனதுக்குள் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் போடு, இரண்டு களையில். அது முடிவதற்குள் வாயைத் திறக்காதே.

ஒரு வருஷம் ஒரு பெண். பாட்டு மாணவி, சபையில் பேசவே கூசுவாள். தொகை சொன்னாள். நான் வராந்தாவில் பேசாமல் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல் மேசை மேல். அவள் வலது கை மேசைக்கு அடியில், தொடைமேல். ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டும் வந்துவிட்டது, வீச்சுதான் பாக்கி. “சரிம்மா, கமிட்டியில சொல்லிடறேன்” என்றேன். வகுப்பில் கைதட்டல். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்புக் கச்சேரிக்கே இப்படி என்றால் நிஜத்துக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி நான் பெருமையாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஒரு வருஷம்தான் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாகஸ்வரப் பையன் வந்து சேர்ந்தான். அப்பாவும் நாகஸ்வரம், தாத்தாவும் நாகஸ்வரம். போன் பயிற்சியைப் பார்த்து அவன் சிரித்தான். “என்ன தம்பி?” என்றேன். “ஒண்ணுமில்ல சார். இதைப் போய்ச் சொல்லிக் குடுக்கணுமான்னு...” என்று இழுத்தான். அடுத்த வியாழன் அவன் அப்பாவின் டைரியைக் கொண்டுவரச் சொல்லி, சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வேஷ்டி மடிப்பில் வைத்து வைத்து விளிம்பு கறுத்த டைரி. ஒவ்வொரு முகூர்த்த நாளுக்கும் ஒரு பக்கம். மண்டபம், யார் வீடு, மாப்பிள்ளை அழைப்பு உண்டா, முகூர்த்தம் மட்டுமா. செட்: இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், சுருதி, தாளம். வேன் யார் செலவு. அச்சாரம் எவ்வளவு, யார் கையால் வந்தது. பாக்கி. பாக்கிக்கு எதிரே ஒரு டிக். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கைமாறினால்தான் அந்தத் தேதி எழுதப்படும். அதற்கு முன் எந்தச் சொந்தக்காரர் வந்து சொன்னாலும் பென்சிலில்தான்.

“பாக்கியை முகூர்த்தத்துக்கு முன்னாடியே வாங்கிடணும்” என்றான். “ஏன்?” என்று ஒரு பெண் கேட்டாள். “கெட்டிமேளம் கொட்டறவரைக்கும் எல்லாரும் நம்ம மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. தாலி ஏறிட்டா எல்லாரும் பந்திக்கு ஓடுவாங்க. அப்ப மேளக்காரனை யார் தேடுவா?” அப்புறம் பலகையில் கடைசி வரியாக ‘சாப்பாடு: எந்தப் பந்தி?’ என்று எழுதினான். அதைப் பற்றி அவன் விளக்கம் சொல்லவில்லை. கடைசிப் பந்தியில், எல்லோரும் எழுந்தபின் சாப்பிட்ட தாத்தாவின் பேரன் எழுதிய வரி அது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றதும், ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டதும் இந்த வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை என்று நான் கடைசி பெஞ்சிலிருந்து சொன்னேன். ஒப்பந்தத்தில் தொகை ஒரு இனம்தான்.

வருமானத்துக்குப் பருவம் உண்டு என்பதையும் அவன்தான் புரிய வைத்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசி பாதிக் கதவு மூடியது. ஆடிக்கு அம்மன் கோயில்கள் கைகொடுக்கும். தை பிறந்தால் மூச்சுவிட நேரமில்லை. அந்த மாதங்களில் வந்ததை எடுத்து வைத்துத்தான் மற்ற மாதம் ஓட்ட வேண்டும்; சீவாளிக்குத் திருவாவடுதுறை போய் வருவதும் அந்தக் கணக்குக்குள்தான். பாட்டு, வயலின் பிள்ளைகளுக்கோ மார்கழிதான் அறுவடை மாதம். பெயரளவில். 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கியதிலிருந்து வளர்ந்த அந்த டிசம்பர் சீசனில், இவர்களுக்குக் கிடைப்பது மதியம் பன்னிரண்டு மணி இலவசக் கச்சேரி. மண்டபத்தில் இருபது பேர், அதில் எட்டு பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. நம் இசையில் வியாபாரம் தெரியாது என்பது பொய். மேளக்காரர் வீட்டில் அது தலைமுறையாக இருக்கிறது. மேடைக் கச்சேரிக்காரர்கள்தான், கூலி என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சன்மானம் என்று பெயர் வைத்து, அந்தக் கூச்சத்தையே பண்பாடு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். நான் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த பாடத்தின் வித்வான்கள் திருவாரூரில் இருந்தார்கள். அதற்கடுத்த வருஷத்திலிருந்து அச்சாரப் பக்கம் பாடத்திட்டத்திலேயே ஏறிவிட்டது.

செலவுக் கணக்கு போடுவது ஒரு முழு மாதம். கடைசியாக வாசித்த ஒரு கச்சேரியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பைசாவையும் எழுத வேண்டும். ஒரு மிருதங்கப் பையன் எழுதி வந்ததை இன்னும் வைத்திருக்கிறேன். வரவு 1,500 ரூபாய். பற்றுப் பக்கம் நீளம்: கூட்டமான பஸ்ஸில் மிருதங்கத்தை ஏற்ற முடியாது என்பதால் போகவர ஆட்டோ, ஒத்திகைக்கு ஒருநாள் அதே ஆட்டோ, வலந்தலை போய்விட்டதால் மூட்டு மாற்றியதில் இந்தக் கச்சேரிக்கு விழும் பங்கு, வார் இழுத்துக் கட்டிய கூலி, ஜிப்பா இஸ்திரி, தொப்பிக்கு ரவை. ரவைக்கு எதிரே ‘அம்மா கணக்கு’ என்று எழுதியிருந்தான். மிச்சம் 412 ரூபாய். ஒத்திகை, பயணம், கச்சேரி, சுருதி சேர்க்கக் காத்திருந்த நேரம் எல்லாம் சேர்த்துப் பதினொரு மணி நேரம். மணிக்கு 37 ரூபாய் சொச்சம். “எங்க தெரு இஸ்திரிக்காரர் இதுக்கு மேல வாங்கறார் சார்” என்றான். அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம்.

இந்த எண்ணைக் கண்டு மிருதங்கத்தைக் கீழே வைக்கச் சொல்வதற்காக இந்தப் பயிற்சி இல்லை. எண் தெரிந்தால் எந்தக் கச்சேரிக்கு எதற்காகப் போகிறோம் என்பது தெரியும். அதனால் நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்கிறேன்: காசுக்கு, பேருக்கு, ஆசைக்கு. ஒவ்வொரு கச்சேரியும் இதில் ஏதாவது ஒன்றில் விழ வேண்டும். ஒரே விதி, ஒத்துக்கொள்வதற்கு முன்னால் எழுத வேண்டும். வாசித்து முடித்து, கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு ‘சரி, இது ஆசைக்கு’ என்று எழுதினால் அது கணக்கு இல்லை, சமாதானம்.

வரி வகுப்பில் எல்லோரும் பயப்படுவார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய மாணவனின் கதை சொல்வேன். கம்பெனி விழாக்களுக்கு இசை ஏற்பாடு செய்யும் ஒரு ஏஜென்ட் மூலம் மூன்று வருஷம் கீபோர்டும் வயலினும் கலந்து வாசித்தான். ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். இவன் அதை ஏஜென்ட் அடிக்கும் கமிஷன் என்றே நினைத்திருந்தான். ரிட்டர்ன் போட்டதே இல்லை. அவன் பான் எண்ணைப் போட்டு வருமான வரித் தளத்தில் பார்த்தபோது அத்தனையும் அவன் பெயரில் வரவாகி உட்கார்ந்திருந்தது. வரி வரம்புக்குக் கீழே இருந்தவன். முழுவதும் திரும்பி வரவேண்டிய பணம். ஒரு வருஷத்துக்குத்தான் வாங்க முடிந்தது, மற்றதற்குக் காலம் தாண்டிவிட்டது. ஜி.எஸ்.டி. பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: செவ்வியல் இசையோ கிராமியக் கலையோ மேடையில் நிகழ்த்தினால், ஒரு நிகழ்ச்சிக்குத் தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டாதவரை விலக்கு. எங்கள் வகுப்பில் இந்த வரம்பைச் சொன்னால் எப்போதும் பலத்த சிரிப்பு.

உரிமை பற்றிய வகுப்புக்கு மட்டும் யாரும் தூங்குவதில்லை. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போன செய்தி எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு கட்சி கட்டிச் சண்டை போடுவார்கள். சண்டை ஓய்ந்ததும் நான் ஒரு சின்னக் கணக்குக் கொடுப்பேன். பாபநாசம் சிவன் மறைந்தது 1973. இயற்றியவர் காலமான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் பதிப்புரிமை. அப்படியானால் அவர் கீர்த்தனைகள் எப்போது பொதுச்சொத்து ஆகும்? 2033 முடிய உரிமை உண்டு என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ‘கர்நாடக சங்கீதத்துக்கு ஏது சார் காப்பிரைட்!’ பாரதி பாடல்களை இவ்வளவு தாராளமாகப் பாடுகிறோமே, அதற்குப் பின்னால் ஒரு கதை இருப்பதும் தெரியாது. அவர் பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949-ல் அரசு பாரதி படைப்புகளை எடுத்துக்கொண்டு பிறகு பொதுவாக்கியதால்தான் இன்று யாரும் கேட்காமல் பாடுகிறோம்.

நாகஸ்வரத் தம்பிக்கு இங்கே ஒரு சந்தோஷம் காத்திருந்தது. கல்யாணத்திலும் கோயில் சடங்கிலும் வாசிக்கும் பாட்டுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. மாப்பிள்ளை அழைப்பில் சினிமாப் பாட்டு வாசித்தால் யாருக்கும் காசு கட்ட வேண்டாம். “அப்ப நாங்கதான் சார் சேஃப்” என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஒரு பெண் தீட்சிதர் கிருதி ஒன்றைப் பாடி யூடியூபில் போட்டாள். மறுநாளே ஒரு இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்தது. போலீஸ் வந்ததுபோல் பயந்து வீடியோவை நீக்கிவிட்டாள். தீட்சிதர் 1835-ல் மறைந்தவர். பாட்டு யாருக்கும் சொந்தமில்லை. பாடியதும் இவள், வாசித்ததும் இவள் வகுப்புத் தோழர்கள். யாரோ பாடிய பதிவும் இவளுடையதும் ஒரே ராகம், ஒரே சுருதி என்பதால் இயந்திரம் குழம்பிவிட்டது. மறுப்புத் தெரிவிக்க ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரியை வகுப்பில் எழுதிப் பழகினோம். வீடியோ திரும்ப ஏறியது.

பாடியவருக்கும் தன் பதிவின் மேல் தனி உரிமை உண்டு, அது 50 வருஷம் என்பது பல வித்வான்களுக்கே தெரியாது. 2020-க்குப் பிறகு எல்லாச் சபையும் கேமராவை வைத்துவிட்டதால், கச்சேரிக்கு முன் கிரீன் ரூமில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். சுருதி சேர்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அப்படி ஒரு தாளை, பெயரை மறைத்துவிட்டு, வகுப்பில் சத்தமாகப் படிக்க வைக்கிறேன். ‘எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற இடம் வரும். அதை ஒவ்வொரு சொல்லாக நிரவல் செய்யச் சொல்வேன். எல்லா ஊடகம் என்றால் இன்னும் கண்டுபிடிக்காத ஊடகமுமா? நிரந்தரமாக என்றால் உன் பேத்தி காலத்திலுமா? எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாத இசைத்தட்டின் ராயல்டி வேதபாடசாலைக்குப் போயிற்று என்று பெருமையாகச் சொல்கிறோம். போக முடிந்தது, அப்படி ஒரு ராயல்டி எழுத்தில் இருந்ததால். தனக்கென்று எழுதி வாங்காததை யாரும் தானம் கொடுக்க முடியாது.

வெளிநாட்டுக் கச்சேரிக்கு ஒரே ஒரு வகுப்புதான். கிளீவ்லாந்தில் 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது, எல்லோருக்கும் அங்கே கண். கனடாவில் 15 சதவீதமும் அமெரிக்காவில் 30 சதவீதமும் முதலிலேயே பிடிக்கலாம் என்பதை விமானம் ஏறுவதற்கு முன் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் கல்லூரியில் மூத்த பாட்டு ஆசிரியை ஒருவருக்கு என் வகுப்பு பிடிக்காது. “சங்கீதத்தைக் கடைச்சரக்கு ஆக்கறீங்க” என்று ஸ்டாஃப் ரூமில் நேராகவே சொல்லியிருக்கிறார். நான் மைக் செட்டுக்காரர் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அந்த மைக் செட்டு ஒழுங்கா வேலை செஞ்சிருக்கும். ரேட் சொல்லக் கத்துக்கறதுக்கு முன்னாடி அந்த ரேட்டுக்கு உண்டான பாட்டு தொண்டையில இருக்கணும்.” பதில் என்னிடம் இல்லை. ஏனென்றால் அந்த வருஷம்தான் ஒரு பையன், இரண்டு ராகம் நிம்மதியாக ஆலாபனை பண்ண வராதவன், என் வகுப்பின் தைரியத்தில் ஒரு சபாவில் 25,000 கேட்டுவிட்டு வந்திருந்தான். அவனை அவரிடமே அனுப்பினேன். தோடி மட்டும் ஆறு மாதம் நடந்ததாகக் கேள்வி.

என் வகுப்பால் ஆகாததும் நிறைய. வானொலி ஆடிஷனுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லலாம், பி கிரேடு வாங்கித் தர முடியாது. இளம் கலைஞர்களுக்கு மத்திய அரசின் கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தரும் உதவித்தொகைக்குப் படிவம் நிரப்பப் பழக்கலாம், கிடைப்பது வேறு விஷயம். எல்லாவற்றையும்விடச் சங்கடம், சீசனில் மேடை வேண்டுமானால் ‘நன்கொடை’ கொடுங்கள் என்று கேட்கும் இடங்கள். பிள்ளைகள் வந்து, “எந்தப் பத்தியில எழுதறது சார்?” என்கிறார்கள். காசுக்கு இல்லை, நாம்தான் கொடுக்கிறோம். பேருக்கு என்று எழுதக் கை கூசுகிறது. எங்கள் நோட்டில் நாலாவது பத்தி கிடையாது என்று சொல்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டதால் அந்தப் பிள்ளை வேறொரு மேடை இல்லாமல் அந்த டிசம்பரைக் கழிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஏப்ரலில் கணக்கு நோட்டுகளைத் திருத்த வீட்டுக்கு எடுத்து வந்தேன். மேசைக்கு அடியில் தாளம் போட்ட பெண்ணின் தங்கை இந்தத் தடவை என் வகுப்பு. நோட்டு சுத்தமாக இருந்தது. அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். நடுவில் ஒரு பக்கம். ஒரு கிராமத்துச் சிவன் கோயில், ஐப்பசி அன்னாபிஷேகம். வரவு: 0. பற்று: பஸ் 180, ஷேர் ஆட்டோ 160. பொன்னாடை 1. நான் சிவப்பு மையில் ஓரத்தில் ‘ஏன் போனாய்?’ என்று எழுதினேன்.

மறு வியாழன் நோட்டு திரும்பி வந்தது. என் சிவப்பு வரிக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘அந்தக் கோயில் மண்டபத்தில் மைக் இல்லாமல் பாடினால் நன்றாக இருக்கும் சார். ஆசைக்கு.’

“இதை எப்ப எழுதின? போறதுக்கு முன்னாடியா, வந்தப்புறமா?” என்று கேட்டேன்.

“அவங்க போன்ல கேட்டப்பவே சார். எவ்வளவுன்னு கேட்டாங்க. ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் ஒரு ஆவர்த்தனம் சும்மா இருந்தேன்.”

மார்க் குறைக்கவில்லை. பஸ் டிக்கெட்டை மட்டும் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.